உலைக்குத் தெரியாத கோபால்ட்: ஹுவாரெஸ், 1983–84

1984 ஜனவரி 16. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம். அணு ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம் என்பதால் அங்கே வாசல் பாதைகளில் கதிர்வீச்சு உணர்கருவிகள் உண்டு. அன்று அவற்றில் ஒன்று ஒலித்தது. ஆய்வகத்துப் பொருள் எதுவும் வெளியே போகவில்லை. வழி மாறி அந்தப் பக்கம் நுழைந்து திரும்பிய ஒரு லாரிதான் காரணம். லாரியில் இருந்தது கட்டடக் கம்பி. வீடு கட்டுகிற இடத்தில் தெருவோரமாக நீட்டிப் போட்டிருப்பார்களே, அந்த மாதிரிக் கம்பிதான்.

கம்பியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொட்டால் சுடாது. வளைத்தால் வளையும், வெட்டினால் வெட்டுப்படும். சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் அமிலத்தில் கரைத்து வேதியியல் சோதனை செய்தாலும் இரும்பு, கார்பன், மாங்கனீசு, துளி கோபால்ட் என்றுதான் முடிவு வரும். அந்தக் கோபால்ட் எந்தக் கோபால்ட் என்பதை வேதியியல் சொல்லாது. மெக்சிகோவின் எல்லை நகரமான ஹுவாரெஸில் அதற்கு முந்தைய ஆறு வாரங்களில் நடந்தது, அதற்கும் முந்தைய ஆறு ஆண்டுகளில் நடக்காமல் போனது, எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் பிடிபடும்.

ஒரே ஒரு நிலையான அணு

கோபால்ட்டின் அணு எண் 27. இயற்கையில் கிடைக்கிற கோபால்ட் அத்தனையும் ஒரே வகை: 27 புரோட்டான், 32 நியூட்ரான், கூட்டினால் 59. அட்டவணையில் அதற்கு இந்தப் பக்கம் இருக்கிற இரும்புக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் வகைகள்), அந்தப் பக்கம் இருக்கிற நிக்கலுக்கு ஐந்து. வெள்ளீயத்துக்குப் பத்து. கோபால்ட்டுக்கு மட்டும் ஒன்றே ஒன்று.

27 ஒற்றைப்படை எண் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் தங்களுக்குள்ளும் நியூட்ரான்கள் தங்களுக்குள்ளும் சோடி சேரும். சோடி சேர்ந்தால்தான் கரு கட்டுக்கோப்பாக இருக்கும். கோபால்ட்-59இல் நியூட்ரான்கள் அனைத்தும் சோடியாகிவிட்டன, ஒரு புரோட்டான் மட்டும் தனி. அந்த அளவு சமாளித்துக்கொள்கிறது. ஒரு நியூட்ரானைக் கழித்தால் 58, ஒன்றைக் கூட்டினால் 60. இரண்டிலுமே புரோட்டான் தரப்பில் ஒரு தனிக்கட்டை, நியூட்ரான் தரப்பில் ஒரு தனிக்கட்டை. இரண்டும் நிலைப்பதில்லை.

கோபால்ட்-60 தன் நியூட்ரான்களில் ஒன்றைப் புரோட்டானாக மாற்றிக்கொள்கிறது. அப்போது ஓர் எலக்ட்ரான் வெளியே போகும். மிஞ்சுவது 28 புரோட்டானும் 32 நியூட்ரானும் கொண்ட நிக்கல்-60. எல்லாம் சோடி, நிம்மதியான கரு. ஆனால் பிறந்த கணத்தில் அது கிளர்ச்சியில் இருக்கும். அடங்குவதற்காக அடுத்தடுத்து இரண்டு காமாக் கதிர்களை விடும்: ஒன்று 1.17, மற்றது 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இந்த இரட்டைதான் கோபால்ட்-60இன் கைரேகை. காமா நிறமாலையில் (கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில்) அந்த இரண்டு முகடுகளும் பக்கத்தில் பக்கத்தில் எழுந்துவிட்டால், எதிரே இருப்பது என்ன என்று அதற்குமேல் யாரிடமும் கேட்க வேண்டாம்.

கதிரியக்கக் கோபால்ட்டில் வேறு வகைகளும் உண்டு. கோபால்ட்-57க்கு அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 272 நாள். வைட்டமின் பி12இன் நடுவில் இருப்பது கோபால்ட் அணு என்பதால், அதற்குப் பதிலாகக் கோபால்ட்-57ஐ வைத்து, உடல் அந்த வைட்டமினை உறிஞ்சுகிறதா என்று ஒரு காலத்தில் பார்த்தார்கள். குடலுக்கும் 57, 59 வித்தியாசம் தெரியாது, அதை நம்பித்தான் அந்தச் சோதனையே. கோபால்ட்-58 அணு உலைக் குழாய்களில் தொல்லை தருவது, 71 நாள். கோபால்ட்-56க்கு 77 நாள். 1987இல் வெடித்த விண்மீன் மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே போனபோது, அந்த மங்கலின் வேகம் இந்த 77 நாள் கணக்கோடு ஒத்துப்போனது. அவ்வளவு நாளும் அதை ஒளிரவைத்தது அதற்குள் இருந்த கோபால்ட்-56தான். சரி, ஹுவாரெஸுக்கு வருவோம்.

கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. நாள்கணக்கில் சிதைந்துவிடுகிற பொருளை வைத்துத் தொழில் நடத்த முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்டு நிற்கிற பொருள் அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் ஒரு சிட்டிகையிலிருந்து போதிய கதிர் வராது. ஐந்தே கால் ஆண்டு என்பது இரண்டுக்கும் நடுவே தோதான இடம். கெட்டதும் அதில்தான். ஓர் அலுவலகத்தின் ஞாபகசக்தியைவிட அது நீளம். வாங்கியவர் இடம் மாறியிருப்பார், பதிவேட்டைப் பராமரித்தவர் ஓய்வு பெற்றிருப்பார், கருவி மூலையில் தூசி படிந்து கிடக்கும், உள்ளே இருப்பது மட்டும் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

கருவி

கோபால்ட்-60 தானாகக் கிடைக்காது. கோபால்ட்-59ஐ அணு உலைக்குள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வைத்து நியூட்ரான்களை வாங்கவைக்க வேண்டும். நம் நாட்டில் ராஜஸ்தானின் ராவத்பாட்டா உலைகளில் அப்படித்தான் தயாராகிறது. போட்டதில் ஒரு சிறு பங்குதான் 60 ஆகும். மீதி 59ஆகவே இருக்கும். இரண்டையும் பிரித்தெடுக்க வேதியியலில் வழி இல்லை, பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இந்தக் கதிரை முதன்முதலில் பயன்படுத்தியது கனடா, 1951இல். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கு 1957இல் கோபால்ட் கருவி வந்தது. நம் பக்கத்து நோயாளிகள் இன்றும் 'கரண்ட் வைக்கிறாங்க' என்றுதான் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், கோபால்ட் கருவியில் கதிர் உண்டாக மின்சாரமே வேண்டாம். மின்சாரம் கருவியின் தலையை நகர்த்தவும் கதவைத் திறந்து மூடவும் மட்டும்தான். கதிரை அணைக்க சுவிட்சு கிடையாது. தடித்த ஈயத்துக்குள் மூடிவைக்கலாம், அவ்வளவுதான் முடியும். கரண்ட் போனால் எக்ஸ்ரே கருவி வெறும் இரும்பு. கோபால்ட் கருவி அப்படி இல்லை.

ஹுவாரெஸ் கருவி பிக்கர் நிறுவனத் தயாரிப்பு. டெக்சஸ் மாநிலம் லப்பக் நகர மருத்துவமனை ஒன்றில் ஓடி ஓய்ந்தது. 1977இல் எல்லைக்கு அந்தப் பக்கம், சியுதாத் ஹுவாரெஸில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனை அதைப் பழைய விலைக்கு வாங்கியது. மெக்சிகோ அரசிடம் இறக்குமதி அனுமதி வாங்கவில்லை. அணுப் பாதுகாப்பைப் பார்க்க வேண்டிய துறைக்கு அப்படி ஒரு பொருள் நாட்டுக்குள் வந்திருப்பதே தெரியாது. வந்த பிறகு அதை இயக்கத் தெரிந்த ஆளும் இல்லை. கிடங்கில் போட்டார்கள். ஆறு ஆண்டு அங்கேயே கிடந்தது.

கோபால்ட் கருவி வைத்திருக்கும் இடங்களில் மருத்துவ இயற்பியலாளர்கள் மாதாமாதம் சிகிச்சை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். மாதத்துக்கு ஒரு சதவீதம் சொச்சம் கதிர் குறைவதுதான் காரணம். ஹுவாரெஸில் இந்தக் கருவிக்கு அப்படிக் கணக்குப் பார்க்க யாருமே இருந்ததில்லை. ஆறு ஆண்டில் பாதிக்கும் மேல் வீணாகப் போய், வாங்கியபோது இருந்ததில் நூற்றுக்கு 45 பங்கு மிச்சம். அங்கே ஒரு நோயாளிகூட அதன் கீழே படுத்ததில்லை.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த காட்சியிலிருந்துதான் தொடங்குவார்கள்: 1983 டிசம்பர் 6, மருத்துவமனையின் பராமரிப்புப் பணியாளர் ஒருவர் கருவியைப் பிரித்தார், பழைய இரும்புக்குப் போட எடுத்துப் போனார். தவறு அவருடையது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கிடங்கில் ஆறு ஆண்டாக யாரும் சீண்டாத இரும்பு என்றுதான் அவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்கும். வேறு மாதிரித் தெரிய வேண்டுமென்றால் 1977லேயே ஒரு காகிதமும் அந்தக் காகிதத்துக்குப் பொறுப்பான ஓர் ஆளும் இருந்திருக்க வேண்டும். எல்லையில் அந்தப் பெட்டி பேர் சொல்லாமல் கடந்த அன்றே முக்கால்வாசி விபத்து நடந்துவிட்டது.

6,010 மணிகள்

கருவித் தலையின் நடுவே கனமான உலோக உருளை. அதற்குள்ளே கோபால்ட் குறுமணிகள், மொத்தம் 6,010. ஒவ்வொன்றும் சுமார் 1 மி.மீ. குறுக்களவு, கடுகைவிடக் கொஞ்சம் சிறியது என்று வைத்துக்கொள்ளலாம். உருளையை வண்டியில் ஏற்றும் வழியிலோ ஏற்றிய பிறகோ அதில் ஓட்டை விழுந்துவிட்டது. மணிகள் வண்டித் தட்டில் சிந்தின.

ஒரு மணியை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். எடை ஏழெட்டு மில்லிகிராம் வரும். அதன் கதிரியக்கம் சுமார் 70 மில்லிகியூரி; அதாவது ஒவ்வொரு நொடியும் அதற்குள் 260 கோடி அணுக்கள் சிதைகின்றன. ஒரு மீட்டர் தள்ளி ஒரு மணி நேரம் நின்றால், பொதுமக்களுக்கு ஓர் ஆண்டு முழுமைக்கும் இன்று அனுமதிக்கிற கதிரளவு கிட்டத்தட்ட அந்த ஒரு மணி நேரத்திலேயே உடம்பில் சேர்ந்துவிடும். செருப்பு அடியிலோ சட்டைப் பையிலோ ஒட்டிக்கொண்டால்? தூரம் நூறில் ஒரு பங்கானால் கதிர் பத்தாயிரம் மடங்காகும். அதற்குமேல் கணக்குப் போட வேண்டியதில்லை.

இப்போது மொத்தத்தையும் பார்ப்போம். 6,010 மணிகளும் சேர்த்து நானூற்றுச் சொச்சம் கியூரி. சுத்தமான கோபால்ட்-60 ஒரு கிராம் இருந்தால் அதுவே சுமார் 1,100 கியூரி. வகுத்துப் பார்த்தால், அந்தக் கருவியில் மிச்சமிருந்த உண்மையான கோபால்ட்-60 சுமார் 0.4 கிராம்தான். மணிகளின் மொத்த எடையான நாற்பது கிராம் சொச்சத்தில் மற்றதெல்லாம் யாருக்கும் தீங்கு செய்யாத கோபால்ட்-59, அதோடு ஏற்கெனவே சிதைந்து நிக்கலாகிப் போனது கொஞ்சம். வீடுகள் இடிபட்டதும் இரண்டு நாடுகள் மாதக்கணக்கில் அலைந்ததும் ஒரு சிட்டிகை உப்பு அளவுகூட இல்லாத இந்தப் பொருளால்தான்.

வண்டியில் சிந்தியது போக மீதி, ஃபெனிக்ஸ் என்ற பெயருடைய காயலான் கடைக்குப் போனது. வண்டியோ டயர் பஞ்சராகித் தெருவோரம் வாரக்கணக்கில் நின்றது. பிள்ளைகள் அதில் ஏறி விளையாடியிருக்கிறார்கள், பெரியவர்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு கதை பேசியிருக்கிறார்கள். நிற்கிற வண்டி எந்தத் தெருவிலும் அதற்குத்தானே பயன்படும்.

கடையில் நடந்ததைப் புரிந்துகொள்ள கோபால்ட்டின் இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். சாதாரண வெப்பநிலையில் காந்தத்தில் பலமாக ஒட்டுகிற தனிம உலோகங்கள் என்று நாம் பழகுபவை மூன்றுதான்: இரும்பு, நிக்கல், கோபால்ட். பெரிய பழைய இரும்புக் கடைகளில் கிரேனில் மின்காந்தம் மாட்டியிருப்பார்கள். அது குவியலிலிருந்து இரும்பை அள்ளும், வேறு இடத்தில் கொட்டும். இந்த மணிகளையும் அது இரும்போடு இரும்பாக அள்ளியது. ஈயமோ அலுமினியமோ ஆகியிருந்தால் மண்ணிலேயே கிடந்திருக்கும். கோபால்ட் ஆனதால் கிரேனே அதை ஊர் முழுக்கப் பரிமாறியது போலாயிற்று: குவியலுக்குக் குவியல், லாரிக்கு லாரி, வழியில் உதிர்ந்தது சாலைக்கு.

உலையில் நடந்தது

அங்கிருந்து போன இரும்பு முக்கியமாக இரண்டு இடங்களில் உருகியது. ஒன்று, அதே மாநிலத்தின் தலைநகரான சிவாவாவில் கட்டடக் கம்பி செய்யும் உருக்காலை. இன்னொன்று, ஹுவாரெஸிலேயே உணவக மேசைகளுக்கு வார்ப்பிரும்புக் கால்கள் செய்யும் பட்டறை.

உலோகங்களை உருக்குகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: உலைக்குள் எதைப் போட்டாலும் மூன்று வழியில் ஒன்றில்தான் போகும். உருகிய உலோகத்தோடு கீழே நிற்கும். அல்லது கசடோடு மேலே மிதக்கும். அல்லது ஆவியாகிப் புகைப்போக்கித் தூசியில் சேரும். எந்தத் தனிமம் எந்த வழி என்பதை அதன் வேதியியல் குணமும் கொதிநிலையும்தான் முடிவு செய்யும். அணுக்கருவில் எத்தனை நியூட்ரான் இருக்கிறது என்று உலை எண்ணிப் பார்ப்பதில்லை.

சீசியம்-137 அடங்கிய ஒரு கதிர்மூலம் (கதிர் வீசும் பொருள்) உலையில் விழுந்தால் கதை வேறு. சீசியம் 671 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஃகு உலையின் 1,600 டிகிரியில் நிற்குமா? அத்தனையும் புகையாகித் தூசியாகிப் போகும். 1998இல் ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் அருகே ஓர் எஃகு ஆலையில் அப்படித்தான் நடந்தது. ஆலையிலிருந்து போன சீசியம், பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி வரைக்கும் காற்றில் தென்பட்டது. ஆனால் அங்கே வார்த்த எஃகு சுத்தமாக இருந்தது. வீட்டுக்குள் வராது, காற்றில் வரும்.

கோபால்ட் அதற்கு நேர் எதிர். உருகுநிலை 1,495 டிகிரி, இரும்புக்குப் பக்கத்தில். இரும்பைவிட எளிதில் ஆக்சிஜனோடு சேராது, ஆகவே கசடுக்குப் போகாது. கொதிக்கவும் கொதிக்காது. உருகிய இரும்பில் சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரி சீராகக் கரையும். கரைந்த பிறகு ஒரு கம்பியை எங்கே வெட்டினாலும் அங்கே இருக்கும். ஒரு துண்டு எஃகில் ஒரு மணி சிக்கியிருக்கிறது, அதைத் தோண்டி எடுத்துவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எத்தனை நீர்த்துப் போயிருக்கும்? உதாரணத்துக்கு 20 டன் உருகலில் ஒரே ஒரு மணி விழுந்தது என்று வைப்போம். எடைக் கணக்கில் அந்தக் கோபால்ட்-60 ஒரு லட்சம் கோடியில் மூன்று பங்கு. எந்த ஆலைச் சோதனைக்கூடமும் இதைக் கனவிலும் கண்டுபிடிக்காது. சாதாரண எஃகிலேயே டன்னுக்குப் பத்து இருபது கிராம் கோபால்ட்-59 இருந்தாலும் ஆச்சரியமில்லை; அந்தக் கூட்டத்தில் இது எம்மாத்திரம். ஆனால் கதிர்க் கணக்கில் அதே எஃகின் ஒவ்வொரு கிராமிலும் நொடிக்கு 130 சிதைவு. வேதியியல் தராசில் பூச்சியம், கதிர் எண்ணியில் ஓயாத சத்தம்.

தூண்களுக்குள்ளும் தளத்துக்குள்ளும் போகிற கம்பி என்பதால் கான்கிரீட் மறைத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். கோபால்ட்-60இன் காமாவைப் பாதியாகக் குறைக்கவே ஆறு செ.மீ. கான்கிரீட் வேண்டும். கம்பிக்கு மேல் வீடுகளில் விடுகிற பூச்சு அவ்வளவுகூட இருக்காது.

தேடல்

லாஸ் அலமோஸில் கருவி ஒலித்த பிறகு வேலை மளமளவென்று நடந்தது. லாரியைக் கண்டுபிடித்தார்கள், நிறமாலையில் அந்த இரண்டு முகடுகளைப் பார்த்தார்கள், கம்பி வந்த ஆலையைப் பிடித்தார்கள், அங்கிருந்து காயலான் கடை, அங்கிருந்து மருத்துவமனைக் கிடங்கு. சங்கிலியைப் பின்னோக்கிப் போவது சில நாள் வேலைதான். முன்னோக்கிப் போவதுதான் பாடு. அதற்குள் சுமார் 6,000 டன் கம்பியும் 30,000 மேசைக் கால்களும் செய்து முடித்தாயிற்று. ஒரு பகுதி அமெரிக்காவுக்குள் பல மாநிலங்களுக்குப் போய்விட்டது. மெக்சிகோவுக்குள் போனதில் நிறைய ஏற்கெனவே கான்கிரீட்டுக்குள் இருந்தது.

அமெரிக்காவில் விநியோகக் கணக்கு இருந்ததால் பெரும்பாலானதைத் தேடி எடுத்துத் திருப்பி அனுப்ப முடிந்தது. மெக்சிகோவில் வீடு வீடாகக் கருவியோடு போக வேண்டியிருந்தது: 17,600க்கு மேற்பட்ட கட்டடங்கள். அவற்றில் 814 கட்டடங்களை முழுதாகவோ பகுதியாகவோ இடித்தார்கள். சினலோவா போன்ற தூரத்து மாநிலத்து வீடுகளும் இதில் உண்டு. தெருவில் சிந்திய மணிகளைத் தேட ஹெலிகாப்டரில் உணர்கருவி கட்டி ஊருக்கு மேலே பறந்தார்கள். சாலையில் ஒரு மணி, வாய்க்கால் ஓரம் ஒரு மணி என்று பொறுக்கினார்கள்.

புதிதாகக் கட்டிய வீட்டை இடித்துக் கொடுக்கச் சொல்கிறபோது அந்த வீட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விரிசல் இல்லை, சாயவில்லை, ஒழுகவில்லை. ஒருவர் பெட்டி மாதிரி ஒரு கருவியைச் சுவரோரம் கொண்டுவருகிறார், ஊசி நகர்கிறது, அவ்வளவுதான் சாட்சி.

கதிருக்கு ஆளானவர்கள் சுமார் 4,000 பேர் என்று கணக்கிட்டார்கள். பெரும்பாலானோருக்குச் சிறிய அளவு. காயலான் கடையிலும் அந்த வண்டி நின்ற தெருவிலும் இருந்த சிலருக்கு, ஒரே நாளில் சேர்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லக்கூடிய அளவு. அது வாரக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்ததால் உடல் இடையிடையே சரிசெய்துகொள்ள நேரம் கிடைத்தது. மணிகள் உலோகமாக இருந்ததும் ஒரு வகையில் உதவியது. தண்ணீரில் கரையவில்லை, கையில் மாவு மாதிரி ஒட்டவில்லை, சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1987இல், பிரேசிலின் கோயானியாவில் இதே மாதிரி கைவிட்ட சிகிச்சைக் கருவி ஒன்றைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது சீசியம் குளோரைடு என்ற உப்பு. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளைச் சிலர் உடம்பில் பூசிக்கொண்டார்கள். சில வாரங்களுக்குள் நான்கு பேர் இறந்தார்கள். ஒன்று உலோகம், மற்றது உப்பு என்ற வித்தியாசம்தான் இரண்டு ஊர்களின் கதையையும் வேறாக்கியது.

இடித்தெடுத்த கம்பியும் மண்ணும் சிவாவா பாலைவனத்தில் சமலாயூக்கா பக்கம் லா பியெட்ரேரா என்ற இடத்தில் புதைக்கப்பட்டன.

அதற்குப் பிறகும்

உலகத்தில் எஃகு ஆலைகளின் வாசலிலும் பழைய இரும்பு இறங்குகிற துறைமுகங்களிலும் கதிர்வீச்சு வாயில்கள் வைக்கும் பழக்கம் வளர்ந்ததற்கு ஹுவாரெஸ் ஒரு பெரிய காரணம். ஆனால் அதே 1980களின் தொடக்கத்தில் தைவானில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் கோபால்ட்-60 கலந்த கம்பி இருந்தது 1992இல்தான் வெளியே தெரிந்தது. அங்கே வழி மாறி எந்த லாரியும் எந்த ஆய்வகத்துக்கும் போகவில்லை. பத்து ஆண்டுக்கு அருகில் மக்கள் அந்தச் சுவர்களுக்குள்ளேயே குடியிருந்தார்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 2008இல் பிரான்சில் மின்தூக்கிப் பொத்தான்களில் கோபால்ட்-60 தென்பட்டது. அந்த உலோகம் இந்தியாவிலிருந்து போனது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி காயலான் சந்தையில் நடந்தது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழக வேதியியல் துறை ஆய்வகத்தில் 1985க்குப் பிறகு பயன்படுத்தாமல் கிடந்த காமாக் கருவி ஒன்று அந்த ஆண்டு பிப்ரவரியில் ஏலத்தில் போனது; கடையில் பிரித்தார்கள்; ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் படுத்தார்கள். கருவி ஏறக்குறைய நாற்பது ஆண்டுப் பழசு. ஏழு அரை ஆயுள் கடந்து, நூறில் ஒரு பங்கும் மிஞ்சாத கோபால்ட்தான் அந்த வேலையைச் செய்தது. ஹுவாரெஸில் கிடங்கு, டெல்லியில் பூட்டிய அறை. இரண்டிலும் பொருளைக் கொடுத்து அனுப்பியவர்கள் மறந்திருந்தார்கள்.

உலையில் உருகுவதற்கு முன்னால் நிறுத்தினால்தான் உண்டு என்பதால், இப்போது பல நாடுகளில் புதிய கதிர்மூலம் வாங்கும்போதே பழையதை விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தையும் சேர்த்தே கேட்கிறார்கள். இதில் வேறொரு சுவாரசியமும் உண்டு. இரும்பு உருக்கும் ஊதுலைகளில் உட்சுவர்க் கற்கள் எவ்வளவு தேய்ந்தன என்று அறிய, கற்களுக்குள்ளேயே துளித் துளிக் கோபால்ட்-60 புதைத்து வைப்பது ஒரு வழக்கம். கல் தேய்ந்தால் கோபால்ட் உருகி இரும்பில் கலக்கும், சுவரின் கதிர் குறையும், கல் போய்விட்டது என்று தெரியும். வேண்டுமென்றே, தெரிந்தே, கணக்கு வைத்து. அளவு மிகக் குறைவு என்பதால் அது பிரச்சினை ஆவதில்லை. ஆனால் கதிரே இல்லாத எஃகு வேண்டும் என்று தேடுகிற இயற்பியல் ஆய்வாளர்கள் இந்தத் துளியைக்கூடக் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

லா பியெட்ரேராவில் புதைத்த கம்பிகளுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. ஏழரை அரை ஆயுளுக்கு மேல். அவற்றில் கோபால்ட்-60 இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவாக வந்திருக்கும். மீதியெல்லாம் நிக்கல்-60 ஆகி அந்த எஃகுக்குள்ளேயே கிடக்கிறது, எல்லாம் சேர்த்தும் அரை கிராமுக்குள். சுரங்கத்திலிருந்து வருகிற சாதாரண நிக்கலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இதே நிக்கல்-60தான். எது 1984இல் அங்கே வந்து சேர்ந்தது, எது அந்த இரும்பில் ஏற்கெனவே இருந்தது என்று இனி எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது.